கோபத்தின் முன் நிற்கும் தரகர்: பேசும் உரிமையும் ஓங்கும் கையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பின்னர், எங்கள் மஹல்லாவில் நிலத் தரகுத் தொழில் செய்யும் சகோதரர் ஒருவரைத் தேடி நால்வர் காரில் வந்தார்கள். அவர் மூலமாக ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும்தான். "இடத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம்" என்று சொல்லி அவரை ஏற்றிச் சென்றார்கள். மக்ரிப் முடிந்தது, இஷாவும் முடிந்தது. அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது. இரவு பதினொரு மணியளவில் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்பட்டு வீடு வந்து சேர்ந்தார். சட்டை கிழிந்திருந்தது. வெற்றுத்தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

மறுநாள் பள்ளிவாசல் திண்ணையில் நாம் பேசிக்கொண்டது என்ன? "வாங்கிய பணத்தைக் கொடுத்திருந்தால் இது நேர்ந்திருக்குமா?" என்றார் ஒருவர். "புரோக்கர் தொழிலில் இதெல்லாம் சகஜம்தானே" என்றார் மற்றொருவர். அங்கே அமர்ந்திருந்த எவரும் இரண்டையும் மறுக்கவில்லை. அந்த மௌனத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மதுராந்தகம் ஏரியை நம்பி நெல் விளைந்த மண் இது. இன்று செங்கல்பட்டிலிருந்து தெற்கே படாளம், மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக எல்லைக் கற்களும் வண்ணக் கொடிகளும் நிற்கின்றன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு மனை வணிகத்தின் வேகம் கூடியிருப்பதைக் கண்ணாலேயே காண்கிறோம். நம் இளைஞர்கள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். சிலர் முழுநேரத் தரகர்கள். சிலர் கடை நடத்திக்கொண்டே மனை காட்டுகிறார்கள். மனை விற்கும் நிறுவனங்களில் நம் சகோதரிகளும் வேலை செய்கிறார்கள். வாங்குபவர்களிலும் நம்மவர் உண்டு. ரியாத்திலும் குவைத்திலும் பல ஆண்டுகள் வெயிலில் நின்று சேர்த்த பணத்தை ஊரில் ஒரு மனையாக மாற்ற விரும்புபவர்கள் அவர்கள். ஆகவே கோபப்படுபவரும் நம் வீட்டுப் பிள்ளை. அந்தக் கோபத்தின் முன் நிற்பவரும் நம் வீட்டுப் பிள்ளை. ஒருவரை மட்டும் ஆதரித்துப் பேசிவிட்டு நாம் எழுந்து போக முடியாது.

உரிமையுள்ளவர் பேசட்டும்

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் ஒரு நிகழ்வை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு ஓர் ஒட்டகம் கடன்பட்டிருந்தார்கள். அதைக் கேட்டு வந்தவர் கடுமையான சொற்களில் பேசினார். தோழர்கள் கொதித்து அவரை நோக்கி எழுந்தார்கள். நபியவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். உரிமை உள்ளவருக்குப் பேசவும் இடமுண்டு என்ற கருத்தைச் சொல்லி, அவருக்குரிய வயதுடைய ஒட்டகத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். அதைவிடச் சிறந்ததே கிடைக்கிறது என்று தோழர்கள் சொன்னபோது, அதையே வாங்கிக் கொடுக்குமாறு பணித்தார்கள்.

இந்நிகழ்வில் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. தரகரும் மனை விற்பவரும் அறிய வேண்டியது இது: பணம் கொடுத்து ஏமாந்ததாக உணர்பவர் குரலை உயர்த்திப் பேசினால் அதுவே குற்றமாகிவிடாது. அவரை "மரியாதை தெரியாதவர்" என்று ஒதுக்குவதும், தொலைபேசியை எடுக்காமல் இருப்பதும், ஆள் பலம் காட்டித் திருப்பி அனுப்புவதும் அவருடைய உரிமையை இரண்டாம் முறை பறிப்பதாகும். வாங்குபவர் அறிய வேண்டியதும் இதே நிகழ்விலேயே இருக்கிறது. அந்த மனிதருக்கு வழங்கப்பட்ட இடம் சொல்லுக்கானது, கைக்கானதன்று. பேசும் உரிமையைக் காட்டி ஒருவரைக் காரில் ஏற்றிச் செல்லவோ, அடைத்து வைக்கவோ, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கவோ மார்க்கத்தில் எந்த வழியும் இல்லை. ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமை அச்சுறுத்துவதே ஆகுமானதன்று என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலைப் பற்றியது என்பதை நாம் அனைவரும் அறிவோம். தவணையுடன் கூடிய கடனை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அதே வசனத்தின் இறுதிப் பகுதியில், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது என்றும் சொல்லப்படுகிறது. இதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. கொடுப்பவர் ஒருபுறம், வாங்குபவர் மறுபுறம். நடுவில் நிற்கும் மூன்றாமவர் அந்த வணிகத்தின் காரணமாகத் துன்புறுத்தப்படலாம் என்பதை அல்லாஹ் அறிந்திருந்தான். அதற்கு முன்கூட்டியே தடை விதித்தான். இன்றைய தரகர் அந்த எழுத்தருக்கு முற்றிலும் நிகரானவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நடுவில் நிற்பவரின் பாதுகாப்பு மார்க்கம் அக்கறை கொண்ட விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோபம் எங்கிருந்து பிறக்கிறது

"கோபக்காரரிடமிருந்து எப்படித் தப்பிப்பது?" என்று நம் தரகர்கள் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கோபம் எங்கே விளைந்தது என்பது. நம் வட்டாரத்தில் அதற்கு அறியப்பட்ட காரணங்கள் பல உண்டு.

முதலாவது, அனுமதி பெறாத மனைப்பிரிவு. விளைநிலங்களைப் பிரித்து உருவாக்கிய அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்னர், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதத்தில் வெளியாயின. "அப்ரூவல் வந்துவிடும்" என்ற ஒரே சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவர், பதிவு அலுவலக வாசலில் நின்று உண்மையை அறியும்போது என்ன செய்வார்?

இரண்டாவது, மண்ணின் மீது ஏற்கெனவே இருக்கும் கட்டுப்பாடுகள். வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் பரப்பு 1998ஆம் ஆண்டு அறிவிக்கையால் சரணாலய எல்லைக்குள் வந்தது. மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடை செய்யப்பட்டது; அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். கடலோரத்துக்கெனத் தனி ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையின் விளைவாகப் பட்டியல் சாதி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் இம்மாவட்டத்தில் உண்டு. அவற்றைப் பிறருக்கு விற்பது சட்டத்துக்கும் நீதிக்கும் புறம்பானது. வக்ஃப் நிலத்தைப் பற்றி நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவற்றில் ஒன்றைத் தெரிந்தே மறைத்தவர், ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் என்ன காத்திருக்கிறது என்ற நபிமொழியை நினைத்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது, ரசீது இல்லாத முன்பணம். எங்கள் சகோதரரின் துன்பம் இங்கேதான் தொடங்கியது. அவர் வாங்கிய மூன்று லட்ச ரூபாயை அன்றே நில உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். கொடுத்ததற்கு அவரிடம் தாள் இல்லை. வாங்கியதற்கு வாடிக்கையாளரிடமும் தாள் இல்லை. பத்திரத்தில் சிக்கல் வந்ததும் உரிமையாளர் கையை விரித்தார். வாடிக்கையாளர் அறிந்த முகம் தரகருடைய முகம் ஒன்றுதான்.

தரகர் மீது கோபம் திரும்பும் விதத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டு பி.ஏ.சி.எல். விவகாரம். நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுதும் 5 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு 2014 ஆகஸ்டில் செபி ஆணையிட்டது. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீதிபதி லோதா தலைமையில் குழு அமைந்தது. நிறுவனம் எங்கோ இருந்தது. நிலம் எங்கோ இருந்தது. மாதத் தவணை வாங்கிச் சென்ற முகவர் மட்டும் அடுத்த தெருவில் இருந்தார். அவரும் தம் சொந்தப் பணத்தைப் போட்டிருப்பார்; தம் மாமியார் வீட்டாரையும் சேர்த்துவிட்டிருப்பார். தமக்கே தெரியாத ஒன்றுக்குத் தம் முகத்தை அடகு வைக்கக் கூடாது என்பதே அதன் பாடம்.

ஆகவே தரகரின் முதல் பாதுகாப்பு அவருடைய வாய்மையில் இருக்கிறது. கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று உண்டு. தரகர்கள் என்று அழைக்கப்பட்டுவந்த தங்களை நபி (ஸல்) அவர்கள் வணிகர்கள் என்ற மேலான பெயரால் அழைத்ததாகவும், வணிகத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தைக் கலந்துகொள்ளுமாறு சொன்னதாகவும் அவர் கூறுகிறார். தரகுத் தொழிலுக்குக் கிடைத்த கண்ணியம் அது. வீண்பேச்சு எது என்பதை மனை காட்டும் எவரும் அறிவர். "இன்னும் இரண்டே வருடத்தில் விலை மூன்று மடங்கு" என்பது வீண்பேச்சு. "பத்து நிமிடத்தில் ரயில் நிலையம்" என்பதும் பல நேரங்களில் அதுவே. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றைக் காட்டி, குறையையும் சேர்த்துச் சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்துவிட்டவருக்குப் பின்னாளில் அஞ்ச வேண்டிய காரணங்கள் குறையும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களில் விற்பனைக்கு இடைநிற்கும் முகவர் தாமும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுவதற்கு விற்பனையாளருக்கு அதிகாரமில்லை. அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடை செய்தது. வாங்குபவரின் பணம் வங்கி வழியாக உரிமையாளர் கணக்குக்கே நேராகச் செல்லட்டும். தரகரின் கை வழியாகச் செல்லாத பணத்துக்காகத் தரகரின் சட்டையை எவரும் பிடிக்க மாட்டார்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவைப்போம்

நேர்மையாக நடந்தவரும் தாக்கப்படலாம். உண்மையைச் சொன்னவரிடமும் தவறான புரிதலோடு ஒருவர் கோபமாக வரலாம். முன்பின் அறியாத ஒருவர் வாடிக்கையாளர் என்ற பெயரில் தீய எண்ணத்தோடும் வரலாம். இலண்டனில் 1986 ஜூலை 28 அன்று சூஸி லாம்ப்ளூ என்ற 25 வயது வீட்டு முகவர் ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டச் சென்றார், திரும்பவே இல்லை. 1993இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அவருடைய பெற்றோர் அவர் பெயரில் அமைத்த அறக்கட்டளை, பணியிடத்தில் தனியாளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசிவருகிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2014 செப்டம்பரில் பெவர்லி கார்ட்டர் என்ற முகவர் வீடு காட்டச் சென்ற இடத்தில் கடத்திக் கொல்லப்பட்டார். ஆளில்லா இடத்துக்கு அறியாத ஒருவருடன் தனியே செல்வதை இத்தொழில் எங்குமே கேட்கிறது. நம் ஊர் மனைப்பிரிவுகளில் வீடுகூட இல்லை, கல்லும் முள்செடியும்தான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபியவர்கள் ஒருவருக்கு வழிகாட்டியதைத் திர்மிதீயில் காண்கிறோம். முன்னெச்சரிக்கையைக் கோழைத்தனம் என்றோ தவக்குல் குறைவு என்றோ கருதுபவர்கள் அதை நினைவில் கொள்ளட்டும். நம் தரகர்களும் மனை விற்பனைப் பணியில் உள்ள சகோதரிகளும் பின்வருவனவற்றை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முதல் சந்திப்பு அலுவலகத்திலோ ஆள் நடமாட்டமுள்ள இடத்திலோ நடக்கட்டும். வருபவரின் அடையாள அட்டை நகலையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொண்ட பின்னரே இடம் காட்டச் செல்லலாம். சகோதரிகளைத் தனியே மனைப்பிரிவுக்கு அனுப்பும் நிறுவனத்திடம் அவர்களுடைய குடும்பத்தார் தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும். இடம் காட்டுவதைப் பகல் வெளிச்சத்தில் முடித்து, மக்ரிபுக்கு முன் திரும்பிவிடுவது நல்லது. அவரவர் வண்டியில் அவரவர் செல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை வீட்டில் ஒருவருக்கும் அலுவலகத்தில் ஒருவருக்கும் பகிர்ந்துவிட்டு, குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

பணத் தகராறு தொடங்கிவிட்டது என்றால், அதன் பிறகு "இடத்தைப் பார்க்க" என்று யார் அழைத்தாலும் செல்லக் கூடாது. தகராறைப் பேசும் இடம் அலுவலகமோ, வழக்குரைஞர் அறையோ, பள்ளிவாசல் அலுவலகமோதான். வந்தவர் நின்றுகொண்டு கத்தினால் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுங்கள். நிற்கும் நிலையில் கோபம் வந்தவர் உட்காரட்டும் என்ற நபிவழி அறிவுரையை நாம் நமக்கு மட்டும் உரியதாக எண்ணுகிறோம்; எதிரில் இருப்பவருக்கும் அது பயன்படும். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். விரலை நீட்டாதீர்கள், தொடாதீர்கள். தப்பிப்பதற்காக "நாளைக்கே தருகிறேன்" என்று சொல்லாதீர்கள். நிறைவேறாத அந்த வாக்குறுதிதான் மறுநாள் நால்வரை அழைத்து வரும். செய்ய முடிந்ததை மட்டும் சொல்லி, தேதியிட்டு எழுதிக் கொடுங்கள். கதவுக்கு அருகில் உங்கள் இருக்கை இருக்கட்டும்.

சொல் மிரட்டலாக மாறினால் வாதம் செய்யாமல் அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். 100 அல்லது 112 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும் உண்டு. மிரட்டிய குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் அளித்து, மனு ஏற்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றமுறு மிரட்டல் 351ஆம் பிரிவிலும், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் 127ஆம் பிரிவிலும் குற்றங்களாக வரையறுக்கப்பட்டுள்ளன. கொடுக்க வேண்டிய பணம் பாக்கி இருக்கிறது என்பதற்காக இக்குற்றங்கள் குற்றமில்லாமல் போய்விடா. அதேபோல, புகார் கொடுத்துவிட்டதால் பாக்கிப் பணமும் தீர்ந்துவிடாது.

ஜமாஅத்தின் பங்கு

பணத்தை இழந்தவரிடம் "பொறுமையாக இருங்கள்" என்று மட்டும் சொல்வது அநீதி. அவருக்கு வழி காட்ட வேண்டும். பதிவு பெற்ற திட்டத்தில் விற்பனையாளர் சொன்னபடி மனையை ஒப்படைக்கத் தவறினால், வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை ரியல் எஸ்டேட் சட்டம் தருகிறது. தமிழ்நாடு ஆணையத்தில் முறையிடலாம். (அந்த வட்டித் தொகையை என்ன செய்வது என்பதைத் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும்.) நுகர்வோர் ஆணையமும் உரிமையியல் நீதிமன்றமும் இருக்கின்றன. மோசடி என்றால் காவல்துறை இருக்கிறது. இவை மெதுவாக நகர்பவை என்பது உண்மைதான். அந்த மெத்தனத்தால்தான் மக்கள் கட்டப்பஞ்சாயத்தை நாடுகிறார்கள். அங்கே சென்றவர் தம் பணத்தோடு தம் நியாயத்தையும் சேர்த்து இழக்கிறார். ஒரே இரவில் வழக்குத் தொடுக்க வேண்டியவர் வழக்கில் சிக்கியவராக மாறிவிடுகிறார்.

இந்த இடைவெளியில்தான் ஜமாஅத்துக்கு வேலை இருக்கிறது. மூன்று எளிய ஏற்பாடுகளை முன்வைக்கிறோம். மஹல்லாவில் மனை வாங்குபவர்களுக்குப் பத்திரங்களைப் படித்துச் சொல்ல, விவரம் அறிந்த இருவரை ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அமர்த்தலாம். தகராறு வந்தால் இரு தரப்பையும் பள்ளிவாசல் அலுவலகத்தில் உட்கார வைத்து, பேசியதை எழுதி, இருவரும் தம் விருப்பத்தோடு கையெழுத்திட உதவலாம். தீர்ப்புச் சொல்வதும் அபராதம் விதிப்பதும் நம் வேலையன்று. நேர்மையாக நடந்தும் இடையில் சிக்கிக்கொண்ட தரகருக்குப் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் கொடுக்க முடியுமா என்று நிர்வாகிகள் ஆலோசிக்கலாம்.

அநியாயம் செய்பவராக இருந்தாலும், செய்யப்பட்டவராக இருந்தாலும் சகோதரருக்கு உதவச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அநியாயக்காரருக்கு எப்படி உதவுவது என்று கேட்கப்பட்டபோது, அவரைத் தடுப்பதே உதவி என்று விளக்கினார்கள். காரில் வந்த நால்வரையும் அன்று மாலை எங்கள் தெருவில் பலர் பார்த்தோம். அவர்கள் முகத்தில் இருந்த கோபத்தையும் பார்த்தோம். "வாருங்கள், உள்ளே உட்கார்ந்து பேசலாம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் அது உதவியாக இருந்திருக்கும். நாம் சொல்லவில்லை.

அந்தச் சகோதரர் நில உரிமையாளரிடம் நடையாய் நடந்து, தம் மனைவியின் நகையையும் விற்று, மூன்று தவணைகளில் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இம்முறை ரசீது வாங்கிக்கொண்டார். அவர் கையெழுத்திட்ட வெற்றுத்தாள் மட்டும் இன்னும் யாரிடமோ இருக்கிறது. ஒவ்வொரு முறை அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும்போதும் அவர் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தத் தாளை மீட்டுக் கொடுக்கும் பொறுப்பு இப்போது அவருடையது மட்டுமன்று. திண்ணையில் அமர்ந்து மௌனமாக இருந்த நம் அனைவருடையதும்தான்.

நம் வணிகத்தில் வாய்மையையும், நம் கோபத்தில் அடக்கத்தையும், அஞ்சி நிற்பவருக்கு அருகில் போய் நிற்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.